கெடார் பந்தலைத் தூக்கிய காற்று

சித்திரை மாதத்து நடுப்பகலில், விழுப்புரத்தை அடுத்த கெடாருக்குப் பக்கத்தில், மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கிவிட்டு வெறுமனே கிடந்த ஒரு நிலத்தில், என் வீட்டுக்காரர் கட்டியிருந்த காதுகுத்துப் பந்தலைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. நானும் அங்கேதான் இருந்தேன். கையில் ஒரு தட்டுக் கேசரி. பந்தல் போன பிறகும் அந்தத் தட்டைக் கீழே வைக்காமல் நின்றிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். கேசரி முழுக்க மண்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இலை அசையவில்லை. ஆளாளுக்கு அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தோம். முதலில் நிலத்தின் கோடியில் காய்ந்த சருகுகள் வட்டமாக ஓடின. யாரோ கண்ணுக்குத் தெரியாமல் பெருக்குவதுபோல் இருந்தது. பிறகு செம்மண் எழும்பியது. இடுப்பளவு, ஆளளவு, பனையளவு. தூணாகச் சுற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல் பந்தலை நோக்கி வந்தது. பெண்கள் வழக்கம்போல் அதன் திசையில் 'த்தூ, த்தூ' என்று துப்பினார்கள். ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிக் காட்டினாள். எங்கள் பக்கத்தில் பேய்க்காற்றுக்கு அதுதான் வரவேற்பு. துப்பினால் ரோஷப்பட்டுத் திரும்பிப் போய்விடும் என்பார்கள். அன்றைக்கு வந்த காற்றுக்கு ரோஷம் இல்லை.

பந்தலின் மேல்துணி ஒருமுறை உப்பியது. அடுத்த நொடி, சவுக்குக் கழிகளோடு மொத்தப் பந்தலும் தரையைவிட்டு எழுந்தது. என் தம்பி பல வருஷமாக என் வீட்டுக்காரரோடு பந்தல் வேலை செய்கிறவன். ஓடிப்போய் ஒரு கழியைக் கட்டிப்பிடித்தான். கழி அவனையும் சேர்த்துத் தூக்கி வரப்பில் போட்டது. தோள் எலும்பு முறிந்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. காது குத்திக்கொள்ள வேண்டிய குழந்தை நிலத்தை ஒட்டிய வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது, அதற்கு எதுவும் தெரியாது.

ஊர்ப்பேச்சு இரண்டாகப் பிரிந்தது. பேய்க்காற்று அடித்தால் யார் என்ன செய்ய முடியும் என்றது பாதி. கட்டு சரியில்லை என்றது மீதி. இதற்கு நடுவில் ஒரு பேப்பரில், 'சூறாவளிக் காற்றில் பந்தல் சரிந்து ஒருவர் காயம்' என்று இரண்டு வரி வந்துவிட்டது. அதுதான் பேஜாராகிப் போனது. விழுப்புரத்துக்காரர்களுக்குச் சூறாவளி என்றால் கடலில் பிறந்து, பேர் வைத்து, டிவியில் படம் போட்டுக் காட்டிவிட்டு வருகிற புயல். டீக்கடையில் என் காதுபடவே ஒருவர் சொன்னார்.

"சூறாவளின்னா நாலு நாளு முன்னாடியே சொல்லிக்கினு இருப்பாங்களே. தெரிஞ்சும் இந்தாளு பந்தல் போட்டுக்கினு இருந்தான் பாரு!"

எனக்கு வந்த கோபத்தில் டீயை அவர் தலையில் ஊற்றியிருப்பேன். பாதி குடித்துவிட்டேன், அதனால் பிழைத்தார்.

என் வீட்டுக்காரர் அள்ளிக்கொண்டு வந்த துணியையும் கயிற்றையும் உடைந்த கழிகளையும் அப்படியே சுருட்டி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டுக்குள் போட்டுப் பூட்டினார். வந்த வேலைகளை வேண்டாம் என்று வேறு ஆளுக்குக் கைகாட்டினார். சாப்பிடும்போது ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"கட்டு அவுந்துதா, காத்து அவுத்துதா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும் எனக்கு. கட்டு தானா அவுந்துச்சின்னா, இனிமே நாலு பேரு உக்கார்ற எடத்துல நான் கயிறு தொடமாட்டேன்."

சொன்னால் செய்கிற ஆள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கையில் கயிறு இல்லாமல் நான் பார்த்ததில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதுகூட ஏதாவது ஒரு நூலில் முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருப்பார். இப்போது வெறும் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கு விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டர் இருக்கிறது, நெட் இருக்கிறது. காற்றுதான் குற்றவாளி என்று நிரூபித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். 'சூறாவளி' என்று தமிழில் தட்டினேன். வங்கக் கடல், சூடான கடல்நீர், புயலின் கண் என்று வந்தது. எல்லாவற்றையும் படித்து, வீட்டுக்கு வந்து ஒரு மூச்சில் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கடல்ல பொறந்த காத்து, வழியில ஒரு ஓலையக்கூட அசைக்காம, பஸ்ஸு புடிச்சா கெடாருக்கு வந்து எறங்குச்சி?"

பல நாளைக்குப் பிறகு சிரித்தார். என்னைப் பார்த்துத்தான், இருந்தாலும் சிரிப்பு சிரிப்புதானே.

மறுநாள் மறுபடியும் அதே சொல்லைத் தட்டினேன். இந்த முறை வெளிநாட்டு வீடியோ வந்தது. கரிய மேகத்திலிருந்து ஒரு தும்பிக்கை இறங்கி, வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. டொர்னேடோவாம். அதற்கும் கீழே தமிழில் சூறாவளி என்றே போட்டிருந்தார்கள். போனில் அவருக்குக் காட்டினேன். இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

"இது மேலேருந்து தொங்குது. நம்மளுது கீழேருந்து எழும்புச்சி. அன்னிக்கு மேகம் எங்க இருந்துச்சி?"

இவ்வளவு படித்த எனக்குத் தோன்றாதது கழி நட்டவருக்குத் தோன்றியது. நாம் ஒரே சொல்லை மூன்று காற்றுக்கு வைத்துக்கொண்டு குழம்பிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரையே விழுங்குகிற புயல் ஒன்று. தெருவைப் பெருக்கிப் போகிற டொர்னேடோ ஒன்று. பந்தலுக்கு மட்டும் வருகிற பேய்க்காற்று ஒன்று. பேப்பர்காரர் எங்கள் பக்கத்துச் சொல்லையே போட்டிருந்தால் டீக்கடையில் பாதிப் பேச்சு குறைந்திருக்கும்.

அதன் பிறகு என்னை யாரும் பிடித்து நிறுத்த முடியவில்லை. அவருக்காகத்தான் ஆரம்பித்தேன், நடுவில் அவரையே மறந்து படித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வெறும் நிலம் வெயிலில் சூடேறினால் அதை ஒட்டிய காற்றும் சூடேறி இலேசாகிவிடும். அதற்கு மேலே இருப்பது கொஞ்சம் குளிர்ந்த, கனமான காற்று. சூடான காற்று மேலே போக வழி பார்த்துக்கொண்டிருக்கும். ஏதோ ஓரிடத்தில் வழி கிடைத்ததும் அங்கே குபீரென்று எழும்பும். அது காலி செய்த இடத்தை நிரப்ப நாலாபக்கத்திலிருந்தும் காற்று ஓடி வரும். அப்படி வருவது நேராக நடுவில் வந்து முட்டினால் சுழற்சியே கிடையாது. ஆனால் காற்று என்றைக்கு நேராக வந்திருக்கிறது? ஒரு பக்கம் வரப்பு தடுக்கும், ஒரு பக்கம் கரும்புத் தோட்டம் தடுக்கும். ஒரு பக்கம் வேகமாகவும் ஒரு பக்கம் மெதுவாகவும் வந்து சேரும். அந்தக் கோணல்தான் சுழற்சியின் விதை.

விதை சரி. அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? சோம்பலாகச் சுற்றிய காற்றுக்குப் பந்தலைத் தூக்கும் பலம் யார் கொடுத்தது? இது என்னை நாலைந்து நாள் தின்றது. ஒரு இடத்தில், வட்டம் சிறுத்தால் வேகம் கூடும் என்று போட்டிருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம், மை தீர்ந்த பேனாவின் உள்குச்சியை உருவி எறிந்தேன். வெறும் குழாயில் நூலைக் கோத்து, ஒரு முனையில் ஜெராக்ஸ் மிஷினிலிருந்து கழன்று கிடந்த நட்டைக் கட்டினேன். குழாயைத் தலைக்கு மேலே பிடித்து நட்டை மெதுவாகச் சுற்றவிட்டேன். பெரிய வட்டம், சோம்பலான வட்டம். பிறகு கீழே தொங்கிய நூலை இன்னொரு கையால் இழுத்தேன்.

நட்டு சீறியது. இழுக்க இழுக்க வட்டம் சிறுத்தது, நட்டு கண்ணுக்கே தெரியாமல் போனது. நான் அதைச் சுற்றிவிடவில்லை. உள்ளே இழுத்தேன், அவ்வளவுதான். வட்டம் பாதியானால் ஓட்டம் இரண்டு மடங்காகிறது. ஓட வேண்டிய தூரமும் பாதி என்பதால், ஒரு சுற்றுச் சுற்றிய நேரத்தில் நாலு சுற்று. கையைத் தளர்த்தினால் மறுபடி சோம்பல். மறுபடி இழுத்தால் சீறல். கடை வாசலில் ஒருவர் எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ தெரியாது.

"இன்னாம்மா, ஜல்தியா ஒரு ஆதார் ஜெராக்ஸ் எடுப்பேன்னு பாத்தா, பம்பரம் வுட்டுக்கினு இருக்கிற?"

மேலே எழும்புகிற சூடான காற்றுதான் நூலை இழுக்கும் கை. அகலமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த காற்றை அது நடுவுக்கு இழுக்கிறது, மேலே நீட்டுகிறது. நீட்ட நீட்டத் தூண் மெலிகிறது. மெலிய மெலிய வேகம் ஏறுகிறது. டொர்னேடோவிலும் அதே கதைதான், ஆனால் விதை வேறு. தரைப்பக்கம் மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் காற்று வீசும்போது, நடுவில் அகப்பட்ட காற்று படுத்தவாக்கில் உருளும், விளக்குக்குப் பஞ்சுத்திரி உருட்டுவதுபோல. பெரிய இடிமேகத்துக்குள் மேலே பாயும் காற்று அந்தத் திரியைத் தூக்கி நிமிர்த்தும். நிமிர்ந்தது இறுகி மெலியும்போது தும்பிக்கை இறங்கும். ஆனால் ஒரே மாதிரி இரண்டு மேகம் வந்தால் ஒன்று மட்டும் ஏன் தும்பிக்கை விடுகிறது, இன்னொன்று ஏன் மழையோடு விட்டுவிடுகிறது என்று ஆராய்கிறவர்களுக்கே இன்னும் முழுதாகத் தெரியவில்லையாம். படித்தவர்களும் நகம் கடிக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பேனாக்குழாயை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். இழுத்துப் பார்த்தார். விட்டுப் பார்த்தார்.

"அப்ப அது வரும்போது அவ்ளோ பலம் இல்ல. பந்தல்கிட்ட வந்துதான் மெலிஞ்சிருக்குது."

"ஆமாங்க. யாரு கட்டியிருந்தாலும் போயிருக்கும்."

தலையாட்டினார். நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆனால் ஷெட்டைத் திறக்கவில்லை. "உள்ள போயிப் பாருங்க, முடிச்சு எப்படி இருக்குதுன்னு தெரிஞ்சிடுமே" என்றதற்கு, "அப்புறம் பாத்துக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார். கேள்வி கேட்கிறவர் பதில் இருக்கும் இடத்தை ஏன் பூட்டி வைத்திருக்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. காற்றைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பார்க்க இரண்டு பேரும் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினோம். அவன் வீடு அங்கேதான். கூட்டேரிப்பட்டு தாண்டிப் பஸ் பஞ்சராகி நின்றது. இறங்கி நின்றோம். ரோட்டோரம் உழுது போட்ட நிலம், அதை ஒட்டி பச்சையாக நெல். செருப்பைக் கழற்றி உழவு நிலத்தில் ஒரு காலை வைத்தேன், சுட்டது. வரப்பு தாண்டி நெல்லோரத்து ஈர மண்ணில் வைத்தேன், சில்லென்று இருந்தது. நாலடி இடைவெளியில் இவ்வளவு வித்தியாசம். இங்கே பிறக்காமல் பேய்க்காற்று வேறெங்கே பிறக்கும் என்று நான் நினைத்து முடிப்பதற்குள், உழவு நிலத்தில் தூசி வட்டமாக ஓட ஆரம்பித்தது. நான் கூப்பிட்டு வந்ததுபோல் ஆகிவிட்டது.

பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் துப்பினார்கள். நான் துப்பவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிட்டே போனேன். கடிகார முள் சுற்றுகிற பக்கமாகச் சுற்றியது. கடலில் வரும் புயல் நம் பக்கத்தில் எப்போதும் கடிகாரத்துக்கு எதிராகத்தான் சுற்றும், பூமி சுற்றுவதால். பேய்க்காற்று அதற்கெல்லாம் கட்டுப்படாத பொடிசு, எந்தப் பக்கமும் சுற்றும் என்று படித்திருந்தேன். கண்ணெதிரே பார்த்ததும் கைதட்டிவிட்டேன். தூண் எங்களைத் தொட்டது. புடவை தோளிலிருந்து பறந்தது, வாயெல்லாம் மண். ஒரு நிமிஷத்தில் நெல்வயலுக்குள் நுழைந்தது. ஈரத்தில் சூடு கிடைக்காமல் தளர்ந்து, அகன்று, காணாமல் போனது.

"செத்துப்போச்சி" என்றார் அவர்.

"சூடு இல்லன்னா அதால நிக்க முடியாதுங்க."

அவர் அந்த நெல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் முன்பிருந்த பாரம் கொஞ்சம் குறைந்திருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி கட்டெல்லாம் அவிழ்த்துவிட்டுக் கையை மெதுவாகத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் தம்பியின் பிள்ளைகளுக்கு ஏதோ வாங்கக் கடைக்குப் போனார். நான் தம்பிக்குப் பேனாக்குழாய் முதல் நெல்வயல் வரைக்கும் முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"காத்து சரிதான்க்கா. ஆனா எத்தினி பேய்க்காத்து பாத்திருக்கோம் நாங்க. துணி பறக்கும், கழி நிக்கும். அதுக்குத்தான அரை முடிச்சு போட்றது."

பந்தல்காரன் பெண்டாட்டியான எனக்கு அது தெரியாததில்லை. நாலு மூலையில் முழு முடிச்சு, நடுவில் எல்லாம் அரை முடிச்சு. அரை முடிச்சு என்றால் பலமாக இழுத்தால் உருவிக்கொள்கிற முடிச்சு. பெருங்காற்று வந்தால் துணி தானே விட்டுக்கொடுக்கும், கழியைப் பிடுங்காது, ஆள்மேல் விழாது.

"அன்னிக்குப் போடலியா?" என்றேன்.

"மாமா எல்லாத்தயும் முழு முடிச்சாப் போடச் சொன்னாரு. இன்னா மாமா புதுசான்னு கேட்டேன். 'உங்க அக்கா சொல்லிச்சி'ன்னாரு." பிறகு அவசரமாக, "நீ மனசுல வெச்சிக்காத" என்றான்.

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் நினைவுக்கு வந்தது. பங்குனியில் எங்கள் பக்கத்து அனந்தபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. காற்றில் நடுத்துணி உருவிக்கொண்டு வந்து, போட்டோவுக்கு நின்றிருந்த மாப்பிள்ளை தலைமேல் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை, எல்லோரும் சிரித்தார்கள். யாரோ வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள், என் கடைக்கு வந்தவரே எனக்கு அதைக் காட்டினார். மானம் போய்விட்டது எனக்கு. வீட்டுக்கு வந்து, கூட வேலை செய்கிறவர்கள் முற்றத்தில் நிற்கும்போதே கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு 'ங்க' எல்லாம் போய்விடும்.

"கட்றதுன்னா ஒழுங்கா முழு முடிச்சாக் கட்டு. அரை முடிச்சு போட்றவன் அரை ஆம்பள."

சொன்னது நான். மறந்ததும் நான். அவர் மறக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காற்றைப் பற்றிப் பேசிப் பேசிக் களைத்துவிட்டேன் என்று அவர் நினைத்திருப்பார்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப்போய் ஷெட்டைத் திறந்தேன். சுருட்டிப் போட்டிருந்த துணியை விரித்தேன். நாற்பத்திரண்டு முடிச்சு. ஒன்றுகூட அவிழவில்லை. துணி கிழிந்திருந்தது, முடிச்சு அப்படியே இருந்தது. கழி முறிந்திருந்தது, முறிந்த துண்டை முடிச்சு இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு கெட்டியாக ஒரு மனுஷன் தன் வாழ்நாளில் கட்டியிருக்க மாட்டான்.

அவர் வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணுகூட அவுரல" என்றேன். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. அதுக்குத்தான் தொறக்கல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "அவுந்திருந்தா நான் வேலை தெரியாதவன். அவுராம இருந்தா..."



"அவுராம இருந்தா தப்பு என்னுது" என்றேன்.

இல்லை என்று சொல்வார் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அழுகை வந்தது, அவருக்கு முன்னால் அழுதேன், தம்பிக்குப் போன் போட்டும் அழுதேன். பிறகு கீழே உட்கார்ந்து முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தேன். நகம் பெயர்ந்தது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். அவர் குனிந்து கயிற்றைப் பிடித்தபோது வேண்டாம் என்று கையைத் தள்ளிவிட்டேன். நாற்பத்திரண்டையும் நானே அவிழ்த்து முடிக்கும்போது சாயங்காலம்.

அவர் அவிழ்ந்த கயிறுகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சுருட்டினார். ஒன்றை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மேல்மலையனூர்ல ஒரு புதுமனை புகுவிழா. பந்தலுக்குக் கேட்டுக்கினு இருக்காங்க. இன்னா முடிச்சு போடட்டும்?"

கிண்டல் செய்கிறாரா, உண்மையிலேயே கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அது உங்க வேலைங்க" என்றேன். "என்னக் கேக்காதீங்க."